சார்ஜரா, காரா, எது முதலில்?

ஏத்தரும் டி.வி.எஸ்ஸும் மின் ஸ்கூட்டர் செய்கிற ஊர் ஓசூர். ஸ்கூட்டர்காரருக்குக் கவலையில்லை. ராத்திரி வீட்டில் சொருகினால் மூணு, நாலு யூனிட்டில் வேலை முடிந்தது. கார் அப்படியா? 30 யூனிட் பேட்டரியை வீட்டு பிளக்கில் போட்டால் விடிந்துவிடும். வெளியூர்ப் பயணத்துக்கு வேகச் சார்ஜர்தான் கதி.

அதை வைக்க உரிமம்கூட வேண்டாம் என்று 2018-லேயே மத்திய மின்துறை சொல்லிவிட்டது. ஆனால் வண்டி வராவிட்டாலும் மின் இணைப்புக்கு நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டுமே! 'கார் பெருகட்டும், வைக்கிறேன்' என்கிறார் முதலாளி. 'வையுங்கள், வாங்குகிறேன்' என்கிறார் வாடிக்கையாளர். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்!

இந்தச் சிக்கலை அவிழ்த்துச் சார்ஜர் வைப்பதற்காகவே மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஹோட்டல் நடத்தும் நேயர்களே, சார்ஜ் ஏறும் நேரத்தில் கார்க்காரர் சாப்பிடத்தானே வருவார்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.