கடைசி இடத்தில் நின்றவர்கள்



திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்களை நாம் சோம்பேறிகள் என்றே எண்ணிக்கொள்கிறோம். மத்தேயு அப்படி எழுதவில்லை. எவரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்று அந்த மனிதர்களே சொல்கிறார்கள்.

நாம் வாழும் இந்தச் சிட்னி நகரில் கடைசியாக நிற்பவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. றக்பி லீக் போட்டியில் புள்ளிப் பட்டியலின் அடியில் முடிக்கும் அணி 'மரக்கரண்டி' வாங்கிவிட்டது என்பார்கள். உண்மையில் கரண்டி எதுவும் கொடுப்பதில்லை, கேலி மட்டுந்தான். ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், சிறப்புக் கணிதத் தேர்வில் கடைசியாகத் தேறிய மாணவனுக்கு நிஜமாகவே பெரியதொரு மரக்கரண்டியைக் கொடுத்துச் சிரித்தார்கள். கவனியுங்கள், அவன் தேறியவன்! 1909ஆம் ஆண்டோடு அந்த வழக்கம் நின்றது. அதன்பின் மாணவர் பெயர்களைத் தர வரிசைப்படி வெளியிடுவதையே பல்கலைக்கழகம் விட்டுவிட்டது. வரிசை போனதும் கரண்டியும் போயிற்று.

சிட்னிப் போட்டி 1908இல் ஒன்பது அணிகளோடு தொடங்கியது. கடைசியாக வந்த கம்பர்லாந்து அணி ஒரேயொரு ஆட்டத்தில் வென்று, அந்தப் பருவத்தோடு மறைந்தது. 1920இல் சேர்ந்த பல்கலைக்கழக அணி, 1926இல் இறுதி ஆட்டம்வரை போனது. பிறகு 1934க்கும் 1936க்கும் இடையில் தொடர்ச்சியாக 42 ஆட்டங்களில் தோற்றது. 1937இல் விலகிக்கொண்டது.

1966இல் ஈஸ்டர்ன் சபேர்ப்ஸ் அணி 18 ஆட்டங்கள் ஆடி, பதினெட்டிலும் தோற்றது. அந்தப் பதினெட்டாவது வாரத்தை நாம் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். வெல்பவனுக்கும் 80 நிமிடம், தோற்பவனுக்கும் 80 நிமிடம். உடம்பில் படும் அடியும் ஒன்றே. பதினேழு முறை தோற்றபின், பட்டியலில் எதுவும் மாறாது என்று தெரிந்த பின்னும், பதின்மூன்று பேர் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டு ஜாக் கிப்சன் பயிற்றுநராக வந்தார். அதே அணி இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

பரமட்டாவை நம்மில் பலருக்குத் தெரியும். நம்மவர் கடை வைத்திருக்கும், ரயில் மாறும் இடம். அந்த ஊர் அணி 1956 முதல் 1961 வரை ஆறு ஆண்டுகள் விடாமல் கடைசி. 1956இல் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை தன் ஊர் அணி வேறோர் இடத்தில் நின்றதைக் கண்டிருக்காது. 1962இல் கென் கேர்ணி பயிற்றுநரானபோது முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டினார்கள். கிண்ணம் கிடைத்தது 1981இல்தான். உவமையில் வரும் ஐந்து மணியாட்களைவிட நீண்ட காத்திருப்பு என்று சொன்னால் ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறோம்.

கடைசியாவது எல்லாருக்கும் ஒரே விதமாக நேர்வதில்லை. மெல்பேர்ன் ஸ்டோர்ம் அணி 2010இல் 24 ஆட்டங்களில் 14ஐ வென்றது. ஆனாலும் கடைசி இடம்! வீரர் சம்பளத்துக்கு விதித்த உச்சவரம்பை இரட்டைக் கணக்கு வைத்து மீறியது வெளிப்பட்டதால், 2007, 2009 கிண்ணங்கள் பறிக்கப்பட்டன, அந்த ஆண்டு ஒரு புள்ளிகூடத் தரப்படவில்லை. கணக்கைத் திருத்தியவர்கள் ஆடுகளத்தில் இறங்கியவர்கள் அல்லர் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். மறுபுறம், வெஸ்டர்ன் சபேர்ப்ஸ் அணி 1933இல் கடைசி, 1934இல் முதலிடம். அதே அணி 1952இல் கிண்ணத்தைத் தூக்கியது, 1953இல் மறுபடியும் அடிமட்டம். இதைக் கேட்டுச் சிரிப்பு வருகிறது. நம் வீட்டுக் கணக்கும் பெரும்பாலும் இப்படித்தானே?

நாம் ஏன் இதை இவ்வளவு பேசுகிறோம்? சென்ற ஆண்டு நம் மறைக்கல்வி மாணவரின் விளையாட்டு விழாவில் முதல் மூன்று பிள்ளைகள் கோட்டைத் தொட்டதும் கைதட்டினோம், படம் பிடித்தோம், உடனே நாற்காலிகளை மடக்கத் தொடங்கினோம். மழை வரும்போல் இருந்தது, அது உண்மைதான். ஒரு சிறுமி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தாள். பாதை நடுவே நாற்காலி அடுக்கியிருந்ததால் அவள் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அவளுடைய தாய் மட்டும் கோட்டருகே நின்றார். நம்மில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசைக்கு அந்தக் குடும்பம் இப்போது வேறு கோயிலுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டோம். காரணத்தைக் கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை.

இந்த ஆண்டு விழா அடுத்த மாதம். அழைப்பிதழோடு அந்த வீட்டுக்கு நம்மில் இருவராவது இந்த வாரமே போகவேண்டும். மன்னிப்பை வாசலிலேயே கேட்டுவிடலாம். நாற்காலிகளைப் பிறகு மடக்கலாம்.