அட்டைப் பெட்டிக்குள்ள ஒரு திருவிழா

இன்னைக்கு விஆர் பத்திப் பேசலாம். ஆயிரக்கணக்குல செலவு பண்ற விஆர் இல்ல, அட்டைப் பெட்டி விஆர்.

2014-ல கூகுள் 'கார்ட்போர்டு'னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. பாரிஸ் ஆபீஸ்ல இருந்த ரெண்டு இன்ஜினியர்களோட யோசனை அது. ஒரு அட்டை, ரெண்டு லென்ஸ், உங்க போன். அவ்வளவுதான். போன் திரையில ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா, கொஞ்சமே கொஞ்சம் வித்தியாசமான படம் வரும். மூளை ரெண்டையும் சேர்த்து ஆழம் இருக்கிற மாதிரி காட்டும்.

2016-ல நானும் ஒண்ணு செஞ்சேன். எங்க ஊரு குடியாத்தம். தீப்பெட்டிக்குப் பேர் போன ஊரு. எங்க ஆயா பல வருஷம் வீட்ல உக்காந்து தீப்பெட்டி ஒட்டினவங்க. நான் வெட்டின அட்டையைப் பாத்துட்டு, "மடிப்பே சரியில்லடா, குடு"ன்னு வாங்கி அவங்களே ஒட்டிக் குடுத்தாங்க.

போட்டுப் பாத்தா, தலையைத் திருப்பினாலும் படம் திரும்பல! என் போன்ல கைரோஸ்கோப் இல்ல. தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு போனுக்குச் சொல்றதே அந்த சென்சார்தான். அதனால நீங்க பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி முதல்ல அதைப் பாத்துக்குங்க. நான் அக்கா போனை வாங்கிக்கிட்டேன்.

வைகாசி ஒண்ணாம் தேதி எங்க ஊர்ல கெங்கையம்மன் சிரசு திருவிழா. முட்டி வலியால ஆயா ரெண்டு வருஷமா போகல. அப்போ 'கார்ட்போர்டு கேமரா' ஆப்ல சத்தத்தோட சேர்த்து பனோரமா எடுக்க முடிஞ்சுது. ஒரு மாடியில நின்னு மெதுவா ஒரு சுத்து சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

ஆயா பெட்டியைக் கண்ல வச்சாங்க. "அட, நம்ம தெருடா!"ன்னு தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம், "ஏன்டா அந்த ஆளுக்கு ஒரு கால்தான் இருக்கு?" நடந்து போறவங்கள பனோரமா அப்படித்தான் வெட்டி ஒட்டும். கொஞ்ச நேரம் தேடிட்டு, "பம்பை சத்தம் கேக்குது, சிரசைக் காணோமே?"

எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் அந்தப் பக்கம் பாத்துச் சுத்திட்டு இருந்தப்ப, சிரசு என் முதுகுக்குப் பின்னாடி போயிடுச்சு. திரும்பினப்ப கூட்டத்தோட முதுகுதான் சிக்குச்சு.

அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது. இந்த மாதிரி படம் ஒரு இடத்தைக் காட்டும். அங்க நடக்கிறதைக் காட்டாது. மலை, கோயில் பிரகாரம், பழைய வீடுன்னு அசையாதது எல்லாத்துக்கும் அருமையா இருக்கும். நடக்கிறது வேணும்னா 360 டிகிரி வீடியோவுக்குப் போகணும். எதுவா இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு மேல பாக்காதீங்க, தலை சுத்தும்.

2021-ல கூகுள் கார்ட்போர்டு விக்கிறதை நிறுத்திட்டாங்க. ஆனா அதோட வடிவமைப்பு எல்லாருக்கும் பொதுவுல இருக்கு. இப்பவும் வீட்லயே செய்யலாம்.

ஆயாவா? அடுத்த வருஷம் ஆட்டோ வச்சு, தெருமுனையில நாற்காலி போட்டு உக்கார வச்சேன். சிரசு வந்தப்ப ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பினாங்க. என் போன் பாக்கெட்லயே இருந்துச்சு.