இரக்கம் மட்டும் போதுமா?

சக்கர நாற்காலியில் அமர்ந்த இளைஞர் ஒருவர், தம் தாயாருடன் உளவளத்துணை நாடி வருகின்றார் எனக் கொள்வோம். பயிற்சி பெறும் மாணவர் தாயாரை நோக்கி, “இவருக்கு என்ன கவலை?” என்று வினவுகின்றார். தொழில் கிடையாத துயரைச் சொல்ல வந்த இளைஞர், வினா தம்மிடம் வராமையால் வாய்மூடி இருந்துவிடுகின்றார்.

அம்மாணவர் கல்நெஞ்சர் அல்லர், இரக்கமுள்ளவரே. ஆயினும், கால் நடவாமையைக் கண்டு, சிந்தையும் நடவாதென எண்ணிவிட்டார். ஒரு குறையை முழு மனிதர்மீதும் படரவிடும் இவ்வியல்பை, அமெரிக்க உளவியலறிஞர் பியற்றிஸ் றைற் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அதே ஆண்டில் யூக்கர் முதலியோர் இம்மனப்பான்மையை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். வலுவிழந்தோர் நம்மினின்று வேறானவர், தனிப்பரிவோடு நடத்தற்குரியவர் என்னும் எண்ணம் அக்கோலில் குறைந்த புள்ளியையே பெறும். இரக்கமும் விலக்கி வைத்தலாகலாம் என்பது இதனாற் புலனாகும்.

இதற்கு மருந்து யாது? நூலறிவு மட்டும் போதாது. வலுவிழந்தோரோடு ஒத்த நிலையில் பயிலுதலும் பணியாற்றுதலும் வேண்டும். வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் நம் நாடு 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனால், சட்டம் வாயிற்கதவைத் திறக்கலாம், உள்ளே வந்தவரை நோக்கி, “உங்கள் கவலை யாது?” என்று அவரிடமே கேட்கவேண்டியவர் நாமன்றோ?