தாயின் சொல்லும் தெருவின் சொல்லும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஈராண்டு நிரம்பாத குழந்தைக்குச் சொல் எங்கிருந்து வருகிறது? தாயின் வாயிலிருந்து என்போம். அத்தாய் அப்போது எங்கே, என்ன வேலையாய் இருக்கிறாள் என்பதையும் நோக்குதல் வேண்டும். சட்டை மாட்டும்போது அவள் பேச்செல்லாம் ஏவல்: "கையை நீட்டு, காலைத் தூக்கு." சோறூட்டும்போதோ மம்மமும், சன்னலோரத்துக் காக்கையும், "ஆ காட்டு" என்னும் கெஞ்சலும். அமெரிக்க ஆய்வாளர் எரிக்கா ஹாஃப்-கின்ஸ்பெர்க், 1991இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடுத்தல், விளையாட்டு, புத்தகம் ஆகிய நான்கு வேளைகளில் தாய்மார் பேச்சை ஒப்பிட்டார். புத்தக வேளையிலேதான் சொல்வளம் மிகுந்திருந்தது. வீட்டில் இல்லாத யானையும் கடலும் அங்கேதானே வருகின்றன!

தில்லியில் வாழும் நமக்கு இதில் ஒரு கவலை உண்டு. குளியலறை தமிழ் பேசுகிறது. வாசலுக்கு வரும் காய்கறி வண்டி இந்தி பேசுகிறது. "பிண்டி", "ஆலூ" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். வாங்கிய பெயரோடே காய் அடுக்களைக்குள்ளும் வந்துவிடுகிறது. இடுப்பிலிருக்கும் குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சென்ற திங்கள் எம் அன்னையார் ஊரிலிருந்து தொலைபேசியில், "என்ன கறி தின்றாய், கண்ணு?" என்று எம் பேத்தியைக் கேட்டார். "பிண்டி" என்றது குழந்தை. "என்னடா சொல்லுது?" என்று எம்மை வினவினார். வெண்டைக்காய் என்றோம். குழந்தை எம் முகத்தையே பார்த்தது. அச்சொல்லை எம் வாயிலிருந்து அது கேட்டது அன்றுதான் முதன்முறையோ என்று ஐயுற்றோம்.