பெரும்பாடும் குடும்பக் கட்டுப்பாடும்



காவிரிக் கழனிகளில் நடவு நடும் நம் பெண்கள், பெரும்பாடு கண்டால், “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனால் வந்தது” என்று வாய்மூடிப் பொறுத்துக்கொள்வதைக் காண்கிறோம். அவ்வறுவை கருக்குழாய்களை மட்டுமே அடைக்கிறது. சூலகமும் கருப்பையும் முன்போலவே இயங்குகின்றன. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அறுவை செய்துகொண்ட 9,514 பெண்களையும், கணவன்மார் செய்துகொண்ட 573 பெண்களையும் ஒப்பிட்டது. அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு உதிரப்போக்கு மிகவில்லை. சிலருக்கு விலக்கு நாள் முன்பின்னாயிற்று.

எனவே, பெரும்பாட்டுக்குக் காரணம் வேறு: கருப்பைக் கட்டியாகவோ தைராய்டுக் கோளாறாகவோ இருக்கலாம். பொறுத்திருந்தால் இரத்தசோகை நம்மை வீழ்த்தும். காரணம் அறியாமல் கருப்பையை எடுக்கவும் இசையவேண்டா. முதலில் மருத்துவரிடம் சோதித்தறிவோம்.

நம் துன்பங்களையெல்லாம் விதி என்றே சொல்லிவைத்தனர். காரணம் கேட்பதே நாம் பெற்ற கல்வியின் பயன். கேட்போம்!