சுருதியும் கணக்கும்



இணையவழி சேர்ந்து வாசிக்கையில் அபசுரம் எழுந்தால், நாம் முதலில் வாசிப்பவரையே குறை கூறுகிறோம். பிழை கருவியின் கணக்கிலும் இருக்கலாம்.

ஓடியோ இன்டர்பேஸ் ஒலியைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக்குகிறது. சீடிக்கு 44,100 முறை; இணையவழி வாசிப்புக்கான ஜாமுலஸ் செயலிக்கு 48,000. முன்னதிற் பதிந்ததைப் பின்னதாகக் கொண்டு ஒலித்தால், சுருதி ஏறக்குறைய ஒன்றரைச் சுரத்தானம் உயரும். நேரடி வாசிப்பிலோ ஒலி வெடித்து, அறுந்து கேட்கும்.

ஆதலின், ஏனைய ஒலிச் செயலிகளை மூடுவோம். இன்டர்பேசிலும் கணினியின் ஒலி அமைப்பிலும் 48,000 என்றே வைப்போம். பின் ஜாமுலஸை மீளத் திறப்போம். அதன்பின்னும் வெடித்தால், ஒலித்துணுக்குகள் காத்திருக்கும் பஃபரை 64இலிருந்து 128 ஆக்குவோம். அதனாற் கூடும் தாமதம் சில மில்லிசெக்கனே.

தம்புராவைச் சேர்த்த பின்னரே பாடத் தொடங்குகிறோம். அவ்வாறே கணக்கைச் சேர்த்த பின்னர், தோழரின் வாசிப்பை எடைபோடுவோமாக.