லாபியில் பவளத் தொட்டி வேண்டுமா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழே லாபியில் கடல்மீன் தொட்டி வைக்கலாம், அதில் உயிருள்ள பவளமும் வைக்கலாம் என்று யோசனை வந்திருக்கிறது. கொட்டேஷனும் வாங்கியாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் லெட்ஜர் எழுதியவனுக்குப் பவளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு பவளத்தைச் சாகடித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு.

சிங்கப்பூரில் மகள் வீட்டில் சில மாதம் இருந்தேன். மாப்பிள்ளை கூடத்தில் பவளத் தொட்டி வைத்திருக்கிறார். அங்கே கடையில் முறைப்படி விற்கிறார்கள். ஒருநாள் உள்ளங்கை அளவில் மான்கொம்புப் பவளம் ஒன்று வாங்கி வந்தார். பவளம் என்றால் செவ்வாய்க்காக மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல் என்றுதான் நினைத்திருந்தேன். அது மத்தியதரைக் கடலில் கிடைக்கிற வேறு இனம். இது இளம்பழுப்பில் கிளை கிளையாக இருந்தது. பார்க்கக் கல், ஆனால் கல் இல்லை. கடுகு போன்ற சின்ன உயிர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. நம் அப்பார்ட்மெண்ட் மாதிரிதான், மெயின்டெனன்ஸ் பாக்கி மட்டும் கிடையாது. அந்த உயிர்களின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. இடம் கொடுத்ததற்கு வாடகையாக, வெளிச்சத்தில் சமைத்ததைப் பாசி பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்குப் பெரும்பாலான சாப்பாடு அதுதான்.

மாப்பிள்ளை அதைத் தொட்டியின் அடியில், மணல் ஓரமாக வைத்தார். "மாமா, ரெண்டு வாரம் இங்கேயே இருக்கட்டும். வெளிச்சம் பழகின பிறகு கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏத்தலாம்" என்றார். பக்கத்துப் பவளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். சில பவளங்கள் ராத்திரியில் கொடுக்கை நீட்டி அண்டை வீட்டைக் கொட்டுமாம். மோட்டார் தள்ளும் தண்ணீர் நேராக அதன் மேல் அடிக்கக் கூடாது, சுற்றி வர வேண்டும். வெறும் கையால் தொடக் கூடாது. தண்ணீரின் சூடு 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்குச் சுத்திகரித்த நல்ல தண்ணீரை மட்டும் தினமும் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கணக்குப் பார்த்தவன் என்பதால் இது எனக்கு உடனே பிடிபட்டது.

அவர்கள் பத்து நாள் வெளியூர் போனார்கள். தொட்டி என் பொறுப்பு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது இருட்டில் கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் கையுறை போட்டுக்கொண்டு அதை மேலே, விளக்குக்கு நேர் கீழே தூக்கி வைத்தேன். முதலில் நுனி வெளுத்தது. பிறகு சதை நூல்நூலாக உரிந்து வெறும் வெள்ளை எலும்பு நின்றது. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். இரண்டு வாரம் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "விடுங்க மாமா" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது நம் லாபிக்கு வருகிறேன். கொட்டேஷனில் "லைவ் கோரல், 6 எண்ணம்" என்று ஒரு வரி இருக்கிறது. நம் நாட்டில் கல்பவளங்கள் அத்தனையும், கடல்விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. செத்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். மேலே மலையில் இருக்கிற சாம்பல் நிற அணிலைப் பிடித்து லாபியில் கூண்டு போட்டு வைப்போமா? அதைக் காப்பதும் இதே சட்டம்தான்.

நமக்குக் கிட்டத்தில் பவளம் இருக்கும் இடம் மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன் தூத்துக்குடிப் பக்கம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். 2010லும் 2016லும் கோடையில் கடல் சூடேறி நிறையப் பவளம் வெளுத்தது. சூடு தாங்காமல் பாசியை வெளியே தள்ளிவிடும், அப்புறம் பட்டினிதான். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலுக்குள் நட்டு வளர்க்கிறார்கள். ஒரு பக்கம் ஒவ்வொன்றாக நட, இன்னொரு பக்கம் நாம் லாபிக்கு ஆறு வாங்குவதா?

சட்டத்தை விடுங்கள். சித்திரையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் பத்து மணிக்கே சுடுகிறது. குளிர்விக்கும் இயந்திரம் 24 மணி நேரமும் ஓட வேண்டும். மின்தடை வந்தால் ஜெனரேட்டர். அந்த டீசல் செலவு கொட்டேஷனில் இல்லை.

என் யோசனை: அதே இடத்தில் நன்னீர்த் தொட்டி வைப்போம். கப்பி, மோலி, கொஞ்சம் செடி. பிள்ளைகள் முறை வைத்துத் தீனி போடட்டும், நான் மேற்பார்வை பார்க்கிறேன். எதையும் இடம் மாற்ற மாட்டேன் என்று எழுதியே தருகிறேன். பவளம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுங்கள், பள்ளி விடுமுறையில் வேன் பிடித்து மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வரலாம். இதுவரை ஏ பிளாக்கில் நான்கு வீடு சேர்ந்திருக்கிறது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார்.